மாப்பிள்ளைக்குப் பெருங்காயம்

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்த நோட்டை நான் கேட்கவில்லை. உலகம்மைதான் வாங்கி வந்து கையில் திணித்தாள்.

"தெனமும் காத்து எந்தப் பக்கம், குளிர் எப்படி, மான் வந்துச்சா வரலையா, இத மட்டும் எழுதுங்க. பெரிய கொம்பு மான் அடிக்கணும்னா கணக்கு வேணுமாம். வேட்டைக்காரங்க எல்லாரும் எழுதுவாங்களாம்."

வேட்டைக்காரங்களாம்! தென்காசியில் சைவக் குடும்பத்தில் பிறந்து, இந்த ஒஹாயோவில் இத்தனை வருஷம் இருந்தும் கேக்கில் முட்டை உண்டா என்று விசாரித்துத் தின்கிற பால்வண்ணன் வேட்டைக்காரன். வேட்டையாடப் போவது நான் இல்லை என்பதை முதல் பக்கத்திலேயே பதிவு செய்கிறேன். என் மனைவி.

உலகம்மை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விடியற்காலையில் வண்டி எடுப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பனிமூட்டத்தில் பெரிய கொம்பு மான் ஒன்று சாலையின் நடுவே நின்று இவளைப் பார்த்ததாம். இவளும் பார்த்தாளாம். பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்தியும் அது நகரவில்லையாம். அன்றிலிருந்து இந்தப் பைத்தியம். கூட வேலை பார்க்கும் ஷெரிலுக்குச் சொந்தமாகப் பண்ணையும் காடும் இருக்கிறது. அவள்தான் விசையை அழுத்தினால் அம்பு பாய்கிற விசைவில்லைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் போன இரண்டு வருஷமும் ஒன்றும் சிக்கவில்லை. இந்த வருஷம் ஷெரிலுக்கு மூட்டில் அறுவை சிகிச்சை. காட்டுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

ஆக, துணைக்கு நான். மகள் பூரணியும் வேலை கிடைத்து சியாட்டிலுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று உலகம்மை கேட்டாள். பதில் யோசிப்பதற்குள் ஞாயிறு முடிந்துவிட்டது.

ஒரு நிபந்தனை போட்டேன். கொம்பு கிடைத்தாலும் கூடத்தில் மாட்டக் கூடாது. அங்கே, கணப்புக்கு மேலே, என் விருது இருக்கிறது. நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்ததற்குக் கொடுத்தது. பளபளக்கும் பித்தளைக் குழாயை மரப்பலகையில் பதித்திருப்பார்கள்.

"கொம்பு வந்தா கொழாய் கராஜுக்குப் போகும்" என்றாள். நிபந்தனை அத்தோடு முடிந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காற்று: தென்மேற்கு. கொசு: எல்லாத் திக்கிலும்.

ஷெரிலின் காட்டில் ஒரு ஓடை இருக்கிறது. அதன் கரையில் ஓக் மரங்கள். மான் நடந்து நடந்து தேய்ந்த தடம் ஒன்று, ஒரு பழைய அடிமரக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறது. கட்டைக்கு எதிரே தானாகப் படம் எடுக்கும் காமிரா ஒன்றைக் கட்டினோம். இன்னொன்றை மேட்டில், வேலிப் பக்கம் உலகம்மையே ஏறிக் கட்டினாள். எனக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. தடத்தை ஒட்டி, உட்கார்ந்து பார்ப்பதற்குத் துணிக்கூடாரம். உள்ளே இரண்டு மடக்கு நாற்காலி, மூன்று பக்கமும் சின்ன ஜன்னல்.

போன வருஷப் படத்தைக் காட்டினாள். பத்துக் கிளைக் கொம்பு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. உலகம்மை அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறாள்.

"கூப்பிட்டா வரமாட்டாரு. வந்தா இந்த மிடுக்கு. வேற என்ன பேரு வைக்க?"

"நானும் ஒரு காலத்துல மாப்பிள்ளைதான்" என்றேன்.

"ஆமா. நீங்க கூப்பிடாமலே வந்தவரு."

செப்டம்பர் 22, ஞாயிறு

மானுக்கு மூக்குதான் எல்லாம். நம் வாடை பட்டால் வராது. எனவே இன்று முதல் வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லை. ஊதுபத்தி இல்லை. ஐயோடெக்ஸ் இல்லை. வாசனையில்லாத சோப்பு. காட்டுக்குப் போடும் உடுப்பை ஓக் இலையோடு பெட்டியில் மூடி வெளியே வைத்தாயிற்று. விபூதிக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். தண்ணீரில் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து சொல்வதும் நிலையத்தில் என் வேலை. இந்த விஷயத்தில் என் மூக்கை யாரும் குறை சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்து, இது வெறும் சாம்பல் என்று சான்று கொடுத்தேன்.

பெருங்காயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மஞ்சள் டப்பா கராஜ் அலமாரிக்குப் போய்விட்டது. இரவு பெருங்காயம் போடாத ரசம். நிலையத்துக்கு ஆற்றிலிருந்து வரும் கலங்கல் தண்ணீர் இதைவிடத் தேவலை.

செப்டம்பர் 28, சனி

சீசன் தொடக்கம். விடியும்போதே கூடாரத்தில் இருந்தோம்.

இருட்டு வெளுத்ததும் ஒரு பெட்டை மான் குட்டியோடு வந்தது. "ஏட்டி, அங்க பாரு!" என்றேன். அவ்வளவுதான். இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டன.

உலகம்மை கூடாரத்துக்குள் கத்த முடியாமல் கண்ணாலேயே கத்தினாள். அப்புறம் காதோடு சொன்னாள்: "வாயத் தொறக்கப்படாது. என் முழங்கால்ல தட்டணும். ஒரு தட்டு தட்டுனா பெட்டை. ரெண்டு தட்டு தட்டுனா கொம்பு. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காற்று: வடமேற்கு. நல்ல வெயில். மான்: ஒன்றும் வரவில்லை.

அதாவது, வரவில்லை என்று உலகம்மை சொன்னாள். நான் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது வெயில் மேலே வந்திருந்தது. என் தலை அவள் தோளில் இருந்தது. குறட்டை விட்டேனா என்று கேட்டேன். "லேசா" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தந்தாள். காப்பிக்கும் தடைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு தோள் மரத்துப்போய்விட்டது என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஐயோடெக்ஸ் தடவ முடியாது, அவளே போட்ட தடை. சூடான துணி வைத்து ஒற்றி விட்டேன்.

அந்த மடக்கு நாற்காலி பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் உட்கார்ந்தால் சௌகரியம்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் கார், அவள் தையல் மிஷின், சமையலறைக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். விசைவில்லும் ஆயுதம்தானே? ஆயுத பூஜையில் நிஜமான ஆயுதம் வைக்கக் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்! பிடியில் ஒரு பொட்டு, விசையில் ஒரு பொட்டு, அம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

உலகம்மை வேலையிலிருந்து வந்து பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு வில்லை வெளியே கொண்டு போய், சந்தன வாடை போகிறவரை துடைத்தாள். பூஜை போட்ட ஆளை ஒன்றும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

பூரணி போன் செய்தாள். நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எங்கள் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தோம்.

"மாப்பிள்ளை இந்த வாரம் ரெண்டு தடவ வந்திருக்காரு. காமிராவுல விழுந்திருக்கு" என்றாள் உலகம்மை.

"நாம இல்லாதப்ப வாராரு. அடுத்த வாட்டி வந்தா விடக் கூடாது" என்றேன்.

பூரணி பிடித்துக்கொண்டாள். "அப்பா! எனக்குத் தெரியாம மாப்பிள்ளை பாக்கீங்களா? காமிரா வேற வச்சா? யாருப்பா அது?"

உலகம்மைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல எடம்டி. பத்துக் கிளை" என்றாள்.

"பத்துக் கிளைன்னா? ஓட்டலா, நகைக்கடையா?"

விஷயத்தைச் சொல்லி முடித்தபோது பூரணியின் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "அம்மா மான் அடிக்கப் போறா, நீங்க வெத்தல பாக்கு வாங்கப் போற மாதிரி கூடப் போறீங்க. தென்காசிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" தென்காசிக்குத் தெரியாமல் இருப்பதற்காகத்தான் ஒஹாயோவில் இருக்கிறோம் என்றேன். போன் வைக்கும்போது, "நீங்க ரெண்டு பேரும் இப்படிச் சேந்து சிரிச்சு நான் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காற்று: கவனிக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காட்டிலிருந்து திரும்பும்போது ஷெரிலைப் பார்க்கப் போனோம். காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உலகம்மையை 'யூலா' என்றுதான் கூப்பிடுவாள். யூலாவுக்கு இந்த வருஷம் கட்டாயம் கிடைக்கும் என்றாள். நவம்பர் வந்தால் ஆண் மான்கள் துணை தேடிக் கண் மண் தெரியாமல் அலையுமாம், பகலிலேயே வெளியே வருமாம்.

கிடைத்த பிறகு என்ன என்று சும்மா கேட்டு வைத்தேன். கொம்புள்ள மான் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒன்றுதான், அடித்துவிட்டால் அன்றோடு சீசன் முடிந்தது, கூடாரத்தை மடித்துவிட வேண்டியதுதான் என்றாள்.

அப்படியா என்றேன். பட்டாணி நன்றாக விளைந்திருந்தது.

அக்டோபர் 26, சனி

காற்று: மேற்கு. மான்: இல்லை.

ஒரு சிறிய விபத்து. கராஜ் அலமாரியில் இருந்த பெருங்காய டப்பா எப்படியோ என் கோட்டுப் பையில் வந்திருக்கிறது. தடத்தில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டும்போது மூடி கழன்று, அடிமரக் கட்டையின் மேல் கொஞ்சம் கொட்டிவிட்டது. உலகம்மை முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை முழுக்க ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். ஒரு அணில் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தது. உலகம்மை சிரிப்பை அடக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். அணில் போன பிறகும் கையை எடுக்க மறந்துவிட்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

அந்த டப்பா மூடி சரியில்லை. இன்றும் கொட்டிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல் கிடையாது. முறுக்கு கிடையாது, எண்ணெய் காய்ந்தால் வீடு முழுக்க வாடை ஏறும். வாசனையில்லாத சோப்புப் போட்டுக் குளித்துப் புதுச்சட்டை போட்டேன். இலைப் பெட்டியில் வைத்திருந்த சட்டை, ஓக் இலை வாசம் அடித்தது. சாயங்காலம் தமிழ்ச் சங்கத்தில் யாரோ, "சார், தோட்டத்துல இருந்து நேரா வாரியளா?" என்று கேட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

காற்று: தெரியாது. காட்டில் டப்பா மறுபடி கொட்டியது.

வரும் வழியில் உலகம்மை கார் ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷத்தோட விட்டுருதேன்."

"எத?"

"இத எல்லாந்தான். வில்ல ஷெரில்ட்டயே குடுத்துருதேன். எனக்காக நீங்க ஒவ்வொரு வாரமும் மொடங்கிக் கெடக்கிய. புடிக்காத ஆள எதுக்கு இழுத்துக்கிட்டு அலையணும்?"

"எனக்குப் புடிக்கலன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமாக்கும்" என்றாள். சாலையைப் பார்த்தே ஓட்டினாள். அவள் பேருந்து ஓட்டும்போது பிள்ளைகளுக்கு இந்த முகம்தான் தெரியும் போல.

எனக்கு அந்த நாற்காலி பிடித்திருக்கிறது என்றேன். நாற்காலியா என்றாள். ஆமாம் என்றேன். கிடைத்தால் சீசன் முடியும். கிடைக்காவிட்டால் எல்லாமே முடியும். எனக்கு இப்போதுதான் கணக்கு புரிகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

வேலை முடிந்ததும், கேன்களில் நிலையத்துத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஷெரிலின் காட்டுக்குப் போனேன். அடிமரக் கட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சுற்றியிருந்த இலைகளையும் அலசினேன். பிறகு மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன். சுத்தம். இந்த நாட்டில் காட்டைக் கழுவிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஷெரில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசைத்தேன். அவளும் யோசனையோடு அசைத்தாள்.

வேட்டைப் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டேன். இனிமேல் எல்லாம் முறைப்படி.

நவம்பர் 9, சனி

காற்று: வடக்கு, மிதம். முகத்துக்கு நேரே வருகிறது. புத்தகத்தில் உள்ளபடி ஓடைத் தண்ணீரில் இறங்கி நடந்தே வந்தோம், காலடி வாடை படாமல் இருக்க. சமையல் சோடா போட்டுக் குளித்தோம். ஜன்னலை அளவாகத் திறந்தோம். நான் இருமவில்லை, தூங்கவில்லை, தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக் கண்ணில் நீர் வரும்வரை அடக்கினேன்.

இத்தனை முறையாக நாங்கள் எதையுமே செய்ததில்லை. கல்யாணத்தைக்கூட. ஒரு பெட்டை மான்கூட வரவில்லை.

"இன்னைக்கு ரொம்ப அக்கறையா இருக்கிய?" என்று உலகம்மை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

கட்டைக்கு எதிரே இருந்த காமிராவின் படங்களை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

நாங்கள் கிளம்பிப் போன பிறகு, பட்டப் பகலில், மாப்பிள்ளை வந்திருக்கிறார். முதல் விபத்து நடந்த அன்று வந்திருக்கிறார். இரண்டாவது விபத்தன்றும் வந்திருக்கிறார். நடு வாரத்தில் இரண்டு நாள். வந்து கட்டையை முகர்ந்து, கழுத்தைத் தூக்கி, மேல் உதட்டைச் சுருட்டிக் கண்ணை மூடி நிற்கிறார். தாளித்துக் கொட்டிய ரசத்தை நான் முகர்வதும் இப்படித்தான். ஒரு படத்தில் கட்டையை விட்டுப் போக மனமில்லாமல் கன்னத்தை வைத்துத் தேய்க்கிறார்.

நவம்பர் ஐந்துக்குப் பிறகு ஒரு படமும் இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறேன்.

உலகம்மையிடம் சொல்லலாம். சொன்னால், பெருங்காயம் அங்கே எப்படி வந்தது என்று கேட்பாள். ஆகவே காற்றைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

டப்பாவைத் தேடி எடுத்தேன். மூடியைச் சரி செய்வதற்காக.

நவம்பர் 16, சனி

காற்று: மேற்கு. உறைபனி. புல் மேலெல்லாம் வெள்ளை.

மூடி சரியாகவில்லை. கட்டை மேல் கொட்டிவிட்டது. இந்த முறை தாராளமாகவே.

கூடாரத்தில் உட்கார்ந்ததும் உலகம்மை மூக்கை இழுத்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக அமெரிக்க இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தேன். முன் ஜன்னல் அவளுக்கு, இடது ஜன்னல் எனக்கு.

வெயில் மரங்களின் உச்சியில் பட்ட நேரம். ஓடையைத் தாண்டி என் ஜன்னல் பக்கமாக வந்தார். சத்தமே இல்லை. முதலில் ஒரு கிளை அசைகிறது என்று நினைத்தேன், அது கொம்பு. படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. மூச்சு ஆவியாக வருகிறது. ஈர மூக்கு மினுங்குகிறது. நின்றார். கழுத்தைத் தூக்கிக் காற்றைக் குடித்தார்.

உலகம்மை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் பார்க்கிறேன். நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் முகர்ந்துவிட்டுப் போய்விடுவார். வாடிக்கையாக வருகிறவர், அடுத்த வாரமும் வருவார். அடுத்த வாரமும் நாங்கள் வருவோம்.

கை உடனே எழவில்லை. குளிரில் மரத்திருந்தது.

இவளைப் பார்த்தேன். காது மூடிய தொப்பிக்குள் முகம் சின்னதாக இருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத புதரை, எதுவோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் நான் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டினேன். இரண்டு தட்டு.

மாப்பிள்ளை கட்டைக்கு வந்து, அவள் ஜன்னலுக்கு நேராகப் பக்கவாட்டில் நின்று, கண்ணை மூடி உதட்டைச் சுருட்டினார். வில் டக் என்றது. ஒரு துள்ளு. ஓக் மரங்கள் வரை ஓடினார். அதன் பிறகு எதுவும் அசையவில்லை.

ஷெரில் சொல்லியிருந்தபடி அவசரப்படாமல் காத்திருந்தோம். நான் உலகம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கிட்டே போனபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. கண் திறந்திருந்தது. உலகம்மை மண்டியிட்டுக் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அழுதாள். சந்தோஷமா வருத்தமா என்று கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றாள். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பர்ஸிலிருந்து விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினேன்.

அப்போதுதான் உலகம்மை மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, மொத நாளே எனக்கு வாடை வந்துச்சு. புடிக்காம கெடுக்கியன்னு நெனச்சேன். அதனாலதான் விட்டுருதேன்னு சொன்னேன். கெடுக்க நெனச்ச மனுஷன் இன்னைக்கு ஏன் தட்டுனிய?"

"ரெண்டு தட்டு தட்டுனா கொம்புன்னு நீதானட்டி சொன்ன" என்றேன்.

"டப்பாவக் குடுங்க" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். மூடியைத் திருகிப் பார்த்தாள். நல்ல இறுக்கமான மூடி.

நவம்பர் 17, ஞாயிறு

இறைச்சி ஷெரிலின் தேவாலயத்துச் சமையலறைக்குப் போயிற்று. குளிர்காலம் முழுவதும் அங்கே சாப்பிட வருகிறவர்களுக்கு ஆகுமாம். வீணாகாது என்று கேட்டபோது மனசு கொஞ்சம் ஆறியது. கொம்பு மட்டும் எங்களுக்கு.

கூடாரத்தை மடித்தோம். நாற்காலிகளை மடித்தோம். இரவு பெருங்காயம் போட்ட ரசம். ஊரே மணக்க மணக்க. ஏனோ பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மேட்டு வேலியில் கட்டிய காமிராவை ஷெரிலின் தம்பி கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சீசன் முழுக்க யாரும் ஏறிப் பார்க்காத காமிரா. பூரணிக்கு அனுப்ப நல்ல படம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன்.

அக்டோபர் ஆறு, ஞாயிறு. நல்ல வெயில். எங்கள் கூடாரம் தெளிவாகத் தெரிகிறது. கூடாரத்துக்கு முன்னால், கல் எறிந்தால் விழும் தூரத்தில், பக்கவாட்டில் நிற்கிறார் மாப்பிள்ளை. அடுத்த படத்திலும் நிற்கிறார். அதற்கு அடுத்ததில் குனிந்து ஓக் கொட்டை தின்கிறார். படத்தைப் பெரிதாக்கினேன். ஜன்னலில் உலகம்மையின் முகம். கண் நேரே மான் மேல். அவள் தோளில், வாயைப் பிளந்துகொண்டு, நான்.

வில் அவள் மடியில் கிடக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் தோளை அசைத்திருக்க வேண்டும்.

ஒன்றும் வரவில்லை என்று சொன்னாளே!

அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போய்க் கேட்கலாம் என்று எழுந்தேன். கதவு வரை போனேன். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஏணியைப் போட்டு, பித்தளைக் குழாயைக் கழற்றி கராஜில் வைத்துவிட்டு, கொம்பை மாட்டினேன். தண்ணீர் வராத குழாய்க்குக் கூடத்தில் என்ன வேலை?

கொம்புக்குக் கீழே அந்தப் படத்தையும் சட்டம் போட்டு மாட்டினேன். உலகம்மை சாயங்காலம் பார்த்தாள். வெகுநேரம் நின்று பார்த்தாள். "வாயப் பாரு, வாய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். காது சிவந்திருந்தது.

டிசம்பர் 14, சனி

சட்டம் என்பது சரியாகப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான். கொம்புள்ள மான் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று எங்கேயும் எழுதவில்லை.

பாடம் படித்து, தேர்வு எழுதி, என் பேரில் வேட்டை உரிமம் வாங்கிவிட்டேன். தேர்வில் நல்ல மதிப்பெண். காற்று பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. பூரணியிடம் சொன்னபோது, "அப்பா, நீங்க கேக்குல முட்டை இருந்தாலே..." என்று ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிள்ளை புத்திசாலி.

இன்று விடியும்போது மறுபடி கூடாரத்தில் இருந்தோம். வில் என் மடியில். துணைக்கு உலகம்மை. ஷெரிலின் சட்டப்படி யாரும் தனியாகப் போகக் கூடாதே.

"மான் வந்தா அடிப்பியளா?" என்று காதோடு கேட்டாள்.

"குறி பாப்பேன்."

"எம்புட்டு நேரம் பாப்பிய?"

"சீசன் பிப்ரவரி வரைக்கும் இருக்குல்லா" என்றேன்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். ஓடைப் பக்கம் எதுவோ வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை. நான் அசையவில்லை.

காற்று: மேற்கு. குளிர்: நல்ல குளிர். மான்: ஒன்றும் வரவில்லை.